தகவு என்னும் வேலி



எங்கள் வளவின் எல்லையில் நின்ற பழைய பூவரசைத் தறித்தபோது அடிக்கட்டையை விட்டுவிட்டோம். பூவரசு இலேசில் சாகிற சாதியா? மாரி வரத் தளிர்த்துப் பருத்து, பக்கத்துக் கதியால்களைத் தள்ளி வேலியைச் சரித்தது. ஆண்டுதோறும் வேலி அடைக்கும்போது, கட்டையைக் கிளப்பப் பஞ்சிப்பட்டு அதைச் சுற்றி வளைத்தே கதியால் நட்டோம். வளைவு எந்தப் பக்கம் போனது? அயலவர் பக்கம்தான். ஒரு சாண் நிலத்தால் இரு வீட்டுக்கும் பேச்சு அற்றது. ஒரே சந்நிதியில் ஆளுக்கொரு பக்கமாக நின்று கும்பிட்டோம்.

7ஆம் நூற்றாண்டில் உழவாரப்படை ஏந்தித் திருக்கோயில் முன்றில்களைச் செதுக்கிய அப்பர் சுவாமிகள், சிவகதியை ஒரு விளைச்சலாகப் பாடினார். அதில் தகவு என்னும் வேலியும் வருகிறது. ஆனால் முதலில் அல்ல. பொய்யாகிய களையை நீக்கி, பொறுமையாகிய நீரைப் பாய்ச்சி, தம்மையும் நோக்கிக் கண்ட பிறகே வேலி. நாங்களோ வேலியில் தொடங்கினோம், அயலவரையே நோக்கினோம்!

சைவ சித்தாந்தம் ஆணவத்தை மூலமலம் என்கிறது. மேலே தறிக்கத் தறிக்கத் தளிர்ப்பது பூவரசு மட்டுமா? நம் பலத்தால் மட்டும் அது அடங்காது, திருவருள் வேண்டும்.

கொடியேற்றத்துக்கு முன் ஒரு காலை, அலவாங்கும் கோடரியுமாக இறங்கினேன். பெரிய வேரொன்று அவர் வளவுக்குள் ஓடியிருந்தது. கேளாமல் வெட்டலாமா? படலையடியில் நின்று, “அண்ணை” என்று கூப்பிட்டேன். பிழை எங்கள் பக்கம் என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்த் தம் அலவாங்கை எடுத்துக்கொண்டு வந்தார்.