குரலைப் படிக்காதவன் குற்றவாளியா?

பிந்தி வந்த மாணவனைப் பார்த்து, “வெகு நேரத்தோடு வந்துவிட்டாய்!” என்கிறார் ஆசிரியர். வகுப்பு சிரிக்கிறது. அம்மாணவன் அதனைப் பாராட்டென்றே கொண்டு புன்னகை செய்வானாயின், அப்புன்னகை திமிர் எனப்படும், தண்டனையும் கிடைக்கும். சொற்களிலே கோபம் இல்லை. அது முழுவதும் குரலில் இருந்தது. அக்குரலைப் படிக்க இயலாதவன் செய்த குற்றம் யாது?

மனச்சிதைவு நோய்க்கு ஆளானோரிற் பலருக்கு, குரலின் ஏற்ற இறக்கத்திலே தங்கும் கோபத்தையும் துயரத்தையும் ஏளனத்தையும் பிரித்தறிதல் கடினமாகின்றது. அந்நோயோ பெரும்பாலும் பதின்ம வயதின் பிற்பகுதியிலும் இருபதுகளிலும், அதாவது மாணவப் பருவத்திலேயே, தலைகாட்டுவது.

1908இல் சுவிஸ் மருத்துவர் ஒய்கன் புளொய்லர் அதற்கு ‘ஸ்கிசோபிரெனியா’ என்னும் புதுப்பெயரை இட்டார். பெயர் மாறிற்று, பழி மாறவில்லை. நோயாளர் உணர்ச்சி வற்றியவர், பிறர் துன்பத்துக்கு இரங்காதவர் என்ற எண்ணம் படித்தோரிடையிலும் நிலவுகின்றது. ஆனால், 1993இல் ஆன் கிரிங் முதலியோர் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், திரைப்படக் காட்சிகளைப் பார்த்த நோயாளரின் முகத்திலே உணர்ச்சி குறைவாகத் தோன்றியபோதிலும், தாம் உணர்ந்ததாக அவர்கள் கூறியது மற்றவர்களினும் குறைந்ததாயிருக்கவில்லை. 2005இல் டேவிட் லைட்மன் குழுவினர் மற்றொன்றைக் காட்டினர்: குரலின் உணர்ச்சியை அறியத் தவறியோர், சுருதியில் வேறுபடும் இரண்டு வெற்றொலிகளைப் பிரித்தறியவும் தடுமாறினர். குறை முழுவதையும் இதனால் விளக்கிவிட முடியாது. எனினும், அதன் ஒரு பகுதி, நெஞ்சை எட்டுமுன்னரே, ஒலியை ஆராயும் மூளையிலேயே நிகழ்ந்துவிடுகின்றது.

கண் தெரியாதவர் நம்மைக் கண்டு வணங்காவிடின் நாம் சினப்பதில்லை. குரல் தெரியாதவரிடம் மட்டும் சினக்கின்றோம். ஏன்? புரிந்துகொள்ளும் கடமை எப்பொழுதும் கேட்பவனுடையது என்று நாம் பழகிவிட்டோம். அதிலும் கேட்பவன் எளியவனாயின் சொல்லவே வேண்டியதில்லை. முதலாளி தன் அதிருப்தியை வாய்திறந்து கூறுவதில்லை. தொழிலாளியே அதனைத் தொனியிலிருந்து மோந்தறிய வேண்டும். நோயிலிருந்து தேறி வேலைக்குத் திரும்பும் ஒருவன், கைத்திறன் குறையாதிருந்தும், இந்த மோப்பம் இன்மையால் வேலையை இழக்கக்கூடும்.

கிண்டலும் குறிப்பும் அற்ற பேச்சு உப்பில்லாத பண்டமாகிவிடாதா என்று நண்பர்கள் கேட்பர். அவற்றில் நமக்கும் ஆசை உண்டு, மறுப்பானேன்? ஆனால், பிந்தி வந்தவனிடம் “நீ பிந்தி வந்தது எனக்குப் பிடிக்கவில்லை” என்று நேரே சொன்னால் வகுப்பு சிரிக்காது. இழப்பு அவ்வளவுதான்.