கடிவாளம் பிடித்தவர்

ஜெமினி மேம்பாலத்துக்கு அந்தப் பெயர் வரக் காரணமான ஸ்டூடியோவில் எஸ். எஸ். வாசன் எடுத்த ‘சந்திரலேகா’ (1948) படத்தில், குதிரைச் சவாரியாலும் வாள்வீச்சாலும் நம் கண்ணை இழுப்பவர் நாயகன் எம். கே. ராதா அல்ல, வில்லன் ரஞ்சன்தான். அந்தத் திறமை முழுவதையும் அவர் ஏற்ற பாத்திரம் அரியணையைப் பறிக்கவே செலவிடுகிறது. அரசியல்வாதியும் ஒரு சவாரிக்காரர்தான்; அவரை வேகத்தையும் கம்பீரத்தையும் வைத்து மட்டும் எடைபோடுவது அதனால்தான் ஆபத்து. எங்கே போகிறார், வழியில் யாரை மிதிக்கிறார் என்றும் பார்க்க வேண்டும்.

அவர் சவாரிக்காரர் என்றால் மக்களைக் குதிரையாக்கலாமா என்று கேட்பது நியாயம். ஆனால் குடியாட்சியில் குதிரை என்பது மக்கள் அல்ல, அரசு இயந்திரம். அதற்குத் தீனி நம் வரிப்பணம். ஐந்தாண்டுக்குக் கடிவாளம் பிடித்தவர் ஓயாமல் சாட்டை சுழற்றினால் அது மிரளும். பிடியை விட்டால் தன் லாயத்துக்கே திரும்பும். நல்லவராக இருந்தால் மட்டும் போதுமா? போதாதுதான். ஆனால் திறமைக்கு நல்ல அதிகாரிகளை அமர்த்திக்கொள்ளலாம், நோக்கத்துக்கு ஆள் வைக்க முடியாது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் ஓட்டுக் கேட்டு வருபவரிடம், தொகுதி மேம்பாட்டு நிதி எதற்குச் செலவானது என்று தயங்காமல் கேளுங்கள்.