கோழிக்கு அளக்கும் கை

நாமக்கல்லை அடுத்த சிற்றூர் ஒன்றில், நம் பங்கைச் சேர்ந்த ஒருவர் புதிதாய் அமைத்த கோழிப்பண்ணையை மந்திரிக்கச் சென்றிருந்தேன். செபம் முடிந்ததும் அவர் என்னைத் தீவனம் கலக்கும் கூடத்திற்கு அழைத்துச் சென்றார். மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, தவிடு, கருவாட்டுத் தூள், சுண்ணாம்புக்கல் குருணை என ஒவ்வொன்றும் எடை பார்த்தே கலவையில் சேர்க்கப்பட்டது. "சுண்ணாம்புச் சத்து குறைஞ்சா ஓடு மெலிஞ்சுடுமுங்க சாமி. புரதம் குறைஞ்சா முட்டையே குறைஞ்சுடும். அளவு தப்புனா கணக்குல உடனே தெரிஞ்சுடுமுங்க" என்றார் அவர்.

அன்று மாலை, சேலத்துச் சமையல் ஒப்பந்தக்காரர் ஒருவர், பங்கு மண்டபத்தில் நடக்கவிருந்த திருமணத்திற்கான உணவுப் பட்டியலோடு வந்தார். இனிப்பு இரண்டு, பூரி, பிரியாணி, வெள்ளைச் சோறு, உருளைக்கிழங்கு வறுவல், வடை, அப்பளம், ஜவ்வரிசிப் பாயசம் என நீண்டது அது. மாவும் சர்க்கரையும் எண்ணெயுமே இலை முழுவதையும் ஆண்டன. கீரைக்கும் பயறுக்கும் இடமில்லை. நான் கேட்டதற்கு, "எலை நெறஞ்சாப் போதுமுங்க சாமி, பேரு வாங்கிடலாம்" என்றார்.

கோழிக்கு அளக்கும் கை, மனிதருக்கு ஏன் அளப்பதில்லை? அன்றிரவு முழுவதும் இவ்வினா என்னை விடவில்லை.

ஒரு நாள் விருந்தால் என்ன கேடு வந்துவிடும் என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. விருந்துக்கு அதற்குரிய மகிழ்ச்சி உண்டு. கானாவூரில் ஆண்டவர் அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒப்பந்தக்காரர் இரண்டு மாணவர் விடுதிகளுக்கும் ஓர் ஆலை உணவகத்திற்கும் சமைத்துத் தருகிறார். திருமண வீட்டார் மறுநாள் தம் வீட்டில் விரும்பியதை உண்பர். விடுதி மாணவனோ ஆண்டு முழுவதும் மூன்று வேளையும் அந்த ஒரே கையை நம்பியிருக்கிறான். தேர்ந்து கொள்ளும் உரிமை உண்பவனிடம் இல்லாதபோது, அதற்குரிய பொறுப்பு முழுவதும் பட்டியல் எழுதுபவனிடம் வந்து சேர்கிறது. இதுவே நான் இங்குச் சொல்ல விழையும் அறம்.

இதை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்பதும் ஐயமே. குருப்பட்டம் பெற்ற சில ஆண்டுகளில் ஏழை மாணவர் விடுதி ஒன்று என் பொறுப்பில் இருந்தது. மலிவான அரிசி, நீர்த்த குழம்பு, ஞாயிறன்று மட்டும் முட்டை. ஒருவனும் பசியோடு எழுந்ததில்லை என்று பெருமைப்பட்டேன். ஒருநாள் மருத்துவர் ஒருவர் வந்து, பல பிள்ளைகளின் கடைவாய் வெடித்துப் புண்ணாகியிருப்பதைக் காட்டினார். பால், முட்டை, கீரை போதாமையால் வந்த உயிர்ச்சத்துக் குறை என்றார். நாள்தோறும் அந்த முகங்களைப் பார்த்தே திருப்பலி நிறைவேற்றினேன். ஆயினும் அது என் கண்ணில் படவில்லை. கணக்குப் புத்தகத்தில் மிச்சம் காட்டியிருந்தேன். அந்த மிச்சம் பிள்ளைகளின் உடலிலிருந்து எடுக்கப்பட்டது.

வயிறு நிறைவது வேறு, உடல் ஊட்டம் பெறுவது வேறு என்பதை உலகிற்குக் காட்டியவையும் கோழிகளே. 1890ஆம் ஆண்டையொட்டி, இன்றைய ஜகார்த்தாவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மான், தம் ஆய்வுக்கூடக் கோழிகள் கால் தளர்ந்து விழுவதைக் கண்டார். அவற்றிற்கு இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோறு போடப்பட்டு வந்தது. புதிதாய் வந்த சமையற்காரர் அச்சோற்றைத் தர மறுக்கவே, தீட்டாத அரிசி வாங்கிப் போடப்பட்டது, கோழிகள் தேறிவிட்டன. தவிட்டோடு நீக்கப்பட்டது உயிர்ச்சத்து என்பது பின்னர் தெளிவாயிற்று. ஐக்மானுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் தமிழகமும் இப்பாடத்தைப் படிப்படியாகவே கற்றது. 1956இல் காமராசர் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கியபோது, பசி தீர்ப்பதே முதற்கடமையாய் இருந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 1989இல் இரு வாரத்திற்கு ஒரு முட்டை சேர்ந்தது. 2010இல் அது வாரத்திற்கு ஐந்தாயிற்று. முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம். நம் நாமக்கல் முட்டை மாநிலத்தின் பள்ளித் தட்டுகளுக்குச் சென்ற வரலாறு இதுவே. ஆயினும் பணி முடிந்துவிடவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான தமிழகப் பெண்களுள் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட நெறிமுறைகள், நாளுக்கு வேண்டிய ஆற்றலில் தானியங்களின் பங்கு 45 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்கின்றன. எஞ்சியதைப் பயறு, காய், கனி, பால், கொட்டை வகைகள் நிரப்ப வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. நூறு கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 300 மில்லிகிராமுக்கும் மேல் உண்டு. தீட்டிய அரிசியிலோ 10 மில்லிகிராம் அளவே. கொல்லிமலைச் சாமையும் தினையும், நம் வேலியோர முருங்கைக்கீரையும், கொள்ளும் நிலக்கடலையும் கைக்கெட்டும் தூரத்திலேயே உள்ளன. கீரையோடு எலுமிச்சையோ நெல்லியோ சேர்ந்தால் அதிலுள்ள இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும். இவற்றை அறிந்து பட்டியலிடுவது சமையற்காரரின் தொழில். அறிய மறுப்பது குற்றம்.

தொடக்கத் திருச்சபையில் அன்றாட உணவுப் பங்கீட்டில் சில கைம்பெண்கள் புறக்கணிக்கப்பட்டபோது, அப்பணிக்கென எழுவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்கள் தூய ஆவியாலும் ஞானத்தாலும் நிறைந்தவர்களாய் இருக்கவேண்டும் என்று திருத்தூதர்கள் கேட்டனர். பந்தி பரிமாற ஞானம் எதற்கு என்று நான் ஒரு காலத்தில் வியந்ததுண்டு. அந்த விடுதிப் பிள்ளைகளின் கடைவாய்ப் புண்ணைக் கண்டபின் வியப்பதில்லை.

பண்ணையாளரின் பிழையை முட்டை உடனே காட்டிவிடும். அதனால் வரும் இழப்பும் அவருடையதே. சமையல் ஒப்பந்தக்காரரின் பிழையோ யாரோ ஒருவர் பிள்ளையின் இரத்தத்தில் மறைந்திருந்து, பல ஆண்டுகள் கழித்தே வெளிப்படும், இழப்பும் அவருடையதன்று. கணக்குப் புத்தகம் எச்சரிக்காத இடத்தில் மனச்சான்றுதான் எச்சரிக்க வேண்டும்.

திருமணப் பட்டியலில் ஓர் இனிப்பைக் குறைத்து, கீரைக் கூட்டும் பயறுச் சுண்டலும் சேர்க்க அந்த ஒப்பந்தக்காரர் இசைந்தார். விடுதிகளின் பட்டியலையும் ஒருநாள் கொண்டுவரக் கேட்டிருக்கிறேன். உங்கள் பிள்ளை விடுதியில் உண்கிறானா? அடுத்தமுறை அவனைக் காணச் செல்லும்போது, சாப்பிட்டாயா என்பதோடு, என்ன சாப்பிட்டாய் என்றும் கேளுங்கள்.