யார் உட்காரும் நாற்காலி?

பிடித்துச் செய்கிற வேலை, வேலையாகுமா? வீட்டில் நாற்காலிக்கு உறை தைக்கும்போது எனக்கு இந்தக் கேள்வி வரும்.

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே குடியிருக்கிறேன். விடுமுறை நாட்களில் பழைய மெத்தை நாற்காலிகளுக்கு அளவெடுத்து உறை தைப்பேன். பருத்தித் துணியை முதலில் நனைத்துக் காயவைக்க வேண்டும். இல்லையென்றால் முதல் சலவையிலேயே சுருங்கி நாற்காலிக்கு ஏறாது. உட்புறம் வெளியே தெரியும்படி துணியை நாற்காலிமீது போர்த்தி, குண்டூசி குத்தி, கோடு போட்டு, தையலுக்கு அரை அங்குலம் விட்டு வெட்ட வேண்டும். சாயும் பகுதியும் உட்காரும் பகுதியும் சேருமிடத்தில் உள்ளே செருகக் கூடுதல் துணி விடாவிட்டால், ஒருவர் உட்கார்ந்து எழுந்ததுமே உறை பிதுங்கி வெளியே வந்துவிடும். வளைவுகளில் ஓரத்தைச் சிறுசிறு வெட்டாக நறுக்கினால்தான் சுருக்கம் விழாது. முழுதாக இரண்டு நாள் பிடிக்கும்.

எங்கள் தெருவில் கார் இருக்கை உறை தைக்கும் பிரிவில் வேலை செய்யும் பெண் ஒருவர் இருக்கிறார். நான் தைத்ததைத் தடவிப் பார்த்து, “நல்லா வந்திருக்குக்கா. இதுக்குத்தான் எங்களுக்குச் சம்பளம் குடுக்கறாங்க” என்று சிரித்தார்.

ஊசியும் நூலும் வெட்டும் ஒன்றுதான். அங்கே அது வேலை. இங்கே அது பொழுதுபோக்கு. வேறுபாடு விருப்பத்தில் இருக்கிறது என்பார்கள். எனக்குத் தைக்கப் பிடிக்கும், உண்மைதான். சங்கப் பாடல் நடத்தவும் எனக்குப் பிடிக்கும். அதற்காகக் கல்லூரியில் யாரும் என் சம்பளத்தைக் குறைப்பதில்லை. ஆகவே, பிடித்துச் செய்வது வேலையாகாது என்ற வாதம் நிற்காது.

2019-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டார்கள்; அதைச் செய்யும் ஆண்கள் 97 நிமிடங்கள். 2023 செப்டம்பர் 15 அன்று, எங்கள் மாவட்டத் தலைநகரான காஞ்சிபுரத்தில்தான் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கப்பட்டது. மாதம் 1,000 ரூபாய். அதை உதவித்தொகை என்று சொல்லாமல் உரிமைத் தொகை என்று சொன்னது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஆனால் கணக்கில் ஏறிவிட்டால் மட்டும் போதுமா? அந்தப் பெண்ணின் வேலை ஏற்கெனவே கணக்கில்தான் இருக்கிறது: ஒரு உறைக்கு இவ்வளவு நேரம், ஷிப்டுக்கு இத்தனை உறை. அந்தக் கணக்கு அவருக்குச் சம்பளம் தருகிறது. தன் வேகத்தைத் தானே முடிவு செய்யும் உரிமையைத் தருவதில்லை. எனக்கு வேகம் என் கையில், கணக்குதான் இல்லை. இரண்டில் ஒன்றைக் காட்டி மற்றொன்றைச் சரியென்று சொல்லிவிட முடியாது.

ஆகவே நான் வேறொன்றைக் கேட்டுப் பார்க்கிறேன். இதைத் தைக்காமல் விட்டுவிட என்னால் முடியுமா? உறை கிழிந்தே கிடந்தால், வீட்டுக்கு வருகிறவர்கள் மனதுக்குள் யாரைக் குறை சொல்வார்கள்? அது என் கணவராக இருக்காது. வேண்டாம் என்று சொல்ல இடமில்லாதபோது, ஒரு வேலையை ஆசையாகத்தான் செய்கிறேன் என்று எனக்கே எப்படி உறுதியாகத் தெரியும்? என் மகிழ்ச்சி பொய்யல்ல. அதைச் சோதித்துப் பார்க்க வழியில்லை என்பதே என் சிக்கல்.

இன்னொன்றும் இருக்கிறது: உட்காருவது. நின்று வேலை செய்பவர்கள் இடைவெளி கிடைக்கும்போது உட்கார ஏற்பாடு வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆம் பிரிவு சொன்னது. கடைகளில் நாள் முழுக்க நிற்கும் பெண்களுக்கு அது கிடைக்க எழுபது ஆண்டுகளாயின. கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் போராடியபின் 2018-இல் கேரளமும், 2021-இல் தமிழ்நாடும் சட்டம் திருத்தின.

வீட்டு நாற்காலிக்கு அப்படியொரு சட்டம் வராது. இதைப் படிக்கும் மாணவிகள் ஒரு வாரம் குறித்து வைத்துப் பாருங்கள்: உங்கள் அம்மா துவைத்து உறை மாட்டிய நாற்காலியில் அவர் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார்? உட்கார்ந்தவரை யார், எதற்காக எழுப்பினார்கள்?