அடைத்து வைத்தவரின் கடன்

வீட்டில் வளர்க்கப்படும் எலிகளுக்குப் பெரிய கூண்டு ஒன்றை அமைத்து, அதனுள் ஏணிகளும் கயிறுகளும் துணித் தூளிகளும் ஒளிவிடங்களும் வைப்பது அறநூல்களின் கவனத்துக்கு உரியதல்லாத சிறு வேலையாக முதலில் தோன்றலாம். ஆயினும் ஓர் உயிரை அதன் நன்மைக்காக அல்லாமல் வளர்ப்பவரின் மகிழ்ச்சிக்காக அடைத்து வைத்த பிறகு, அடைப்பின் உட்புறத்தை இயன்றவரை இனிதாக்குவதால் அடைத்த செயல் நியாயமாகிவிடுமா என்ற கேள்வி அந்த வேலைக்குள்ளேயே கிடக்கிறது. அடைபட்ட விலங்கு தன் இயல்புக்குரிய செயல்களைச் செய்வதற்கான பொருள்களையும் வாய்ப்புகளையும் அதன் இருப்பிடத்துக்குள் கொண்டுவருவதை விலங்குநலவியலார் சூழல் வளமூட்டல் என்பர். அது எலிக்குச் செய்யப்படும் கொடையா, எலிக்குப் பட்ட கடனைத் தீர்க்கும் முயற்சியா என்பதைப் பொறுத்தே கூண்டைப் பற்றிய மற்ற முடிவுகள் அமைகின்றன.

இக்கேள்விக்கு மிக நெருங்கி வருவது சமண அறவியல். சாவகர் எனப்படும் இல்லறத்தார் ஏற்கும் அணுவிரதங்கள், துறவியரின் பெருவிரதங்களை இல்வாழ்வுக்கு இயன்ற அளவில் வகுத்த ஐந்து நோன்புகள்; அவற்றுள் முதலாவது கொல்லாமை. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் அந்நோன்பினின்று வழுவும் ஐந்து வகைகளைக் குறிப்பிடும்போது, அடித்தல், உறுப்பை அறுத்தல், தாங்கமுடியாத சுமையேற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் ஆகிய நான்குக்கும் முன்னதாகப் பந்தத்தை, அதாவது உயிரைக் கட்டியோ அடைத்தோ வைப்பதை, நிறுத்துகிறது. இவ்வழுக்களுக்கு அதிசாரம் என்று பெயர். நோன்பை முற்றிலும் முறிப்பது அனாசாரம் எனப்பட, முறிக்காமல் கறைப்படுத்துவது அதிசாரம் எனப்படுகிறது. செல்லப் பிராணி வளர்ப்பதை வன்கொலைக்கு நிகராக்கிப் பேசுவோருக்கும், உணவு வைத்தால் போதும் என்று நினைப்போருக்கும் நடுவே இப்படியொரு வகைப்பாடு பல நூற்றாண்டுகளாக இருந்து வருவது கவனிக்கத்தக்கது. ஏனெனில் இதன்படி, நன்கு பேணப்படும் விலங்கின் சிறையும் குற்றத்தின் ஒரு படியில்தான் நிற்கிறது, ஆனால் அந்தப் படி எல்லாவற்றிலும் கீழான படி அன்று.

சுவேதாம்பர உரையாசிரியர்கள் இதை மேலும் நுணுக்கமாகப் பிரித்தனர். காரணமின்றிக் கட்டுவது எந்நிலையிலும் கூடாது; காரணத்தோடு கட்டினாலும், விலங்கு அசைய முடியாதபடி இரக்கமின்றிக் கட்டுவது ஒன்று, தீப்பிடித்தால் உடனே அவிழ்த்துவிடக்கூடிய தளர்ந்த முடிச்சோடு அதன் நலனை எண்ணிக் கட்டுவது வேறு; எல்லாவற்றினும் சிறந்தது, கட்டாமலேயே உடனிருக்கக்கூடிய உயிர்களை மட்டும் வைத்துக்கொள்வது. மாட்டையும் குதிரையையும் மனத்தில் கொண்டு சொல்லப்பட்ட இவ்விதியை எலிக்குப் பொருத்தும்போது ஓர் இடர்ப்பாடு எழுகிறது. மாட்டைக் கட்டுவதற்கு உழவு, பால் என்று ஏதேனும் ஒரு காரணம் காட்டலாம். எலியை அடைப்பதற்கு வளர்ப்பவரின் விருப்பத்தைத் தவிர வேறு காரணம் இல்லை. விருப்பம் காரணமாகுமா என்ற கேள்விக்கு அந்த உரைகளின் போக்கில் ஆம் என்று பதில் சொல்வது கடினம்.

இஸ்லாமிய மரபு வேறொரு பக்கத்திலிருந்து இங்கே வந்து சேர்கிறது. பூனையொன்றை அடைத்து வைத்து, உணவும் தராமல், தானே இரை தேடிக்கொள்ளவும் விடாமல் சாகவிட்ட பெண் நரகத்துக்கு ஆளானாள் என்ற நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகியோரின் தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது. சிறுவன் ஒருவன் வளர்த்த சிட்டைப் பற்றி நபிகள் அவனிடம் அன்போடு விசாரித்த செய்தியும் அத்தொகுப்புகளில் உண்டு. இரண்டையும் சேர்த்துப் படித்த அறிஞர்கள் பலர், பேணும் கடமை நிறைவேறுமாயின் பறவையை வைத்திருப்பது தடையில்லை என்ற முடிவுக்கு வந்தனர். அடைப்பவர் அவ்வுயிர் தானே தேடிக்கொள்ளும் வழியை அடைத்துவிடுகிறார் என்பதால்தான் தேடித் தரும் பொறுப்பு அவர் மேல் விழுகிறது என்னும் நியாயம் பூனையின் கதையில் தெளிவாக இருக்கிறது. இந்நியாயத்தை உணவோடு நிறுத்திக்கொள்ளத் தேவையில்லை. எலி தானே தேடிக்கொள்வது உணவு மட்டும் அன்று. வளை, மறைவு, உயரம், துணை, ஆராய்வதற்கு ஓர் இடம் என எதையெல்லாம் கூண்டு தடுக்கிறதோ அதையெல்லாம் தரவேண்டிய கடனும் கூண்டோடு சேர்ந்தே பிறக்கிறது.

அக்கடனின் அளவை எலியின் உலகத்திலிருந்துதான் கணக்கிட முடியும். ஒவ்வோர் உயிரும் தன் புலன்களுக்கு எட்டும் பொருள்களால் ஆன ஒரு தனி உலகில் வாழ்கிறது என்று கூறிய உயிரியலாளர் யாகோப் ஃபான் யூக்ஸ்கூல் அதை உம்வெல்ட் என்றார். எலியின் உலகம் மணத்தாலும் மீசை மயிர்களின் தொடுகையாலும் மனிதச் செவிக்கு எட்டாத உயர் அதிர்வு ஒலிகளாலும் ஆனது. கண்ணுக்கு அதில் சிறிய பங்கே உண்டு, செங்கண் கொண்ட வெள்ளை எலிகளுக்கு அதனினும் சிறியது. ஆகவே வண்ணங்கள் பொருந்த அடுக்கி, பளிச்சென்று விளக்கேற்றி அழகாக்கிய கூண்டு வளர்ப்பவரின் கண்ணுக்கு விருந்தாகலாமே ஒழிய, சுவரோரமாகவும் இருட்டிலும் நடக்க விரும்பும் எலிக்கு அது திறந்த வெளியில் நிற்கும் அச்சத்தையே தரும். தூய்மைகூட இவ்வாறே மாறிப்போகிறது: எல்லாப் பொருள்களையும் ஒரே நாளில் கழுவிவிட்டால், தன் மணமே இல்லாத அந்நிய இடமாகிவிட்ட கூண்டை எலி மீண்டும் சிறுநீரால் குறியிடத் தொடங்குகிறது, அதனால் பாதியைக் கழுவி, பாதியைப் பழைய மணத்தோடு விட்டுவைப்பதே அதற்கு இதமானது.

இந்நோக்கில் பார்த்தால் கூண்டின் ஒவ்வொரு பொருளும் தடுக்கப்பட்ட ஒரு செயலுக்கு ஈடாகிறது. ஓர் எலிக்குக் குறைந்தது 2 கன அடி இடம் வேண்டும் என்பது வளர்ப்போரிடையே வழங்கும் பொதுக் கணக்கு என்றாலும், வெறுமையான பெரிய இடம் எலிக்குப் பெரிதும் பயன்படுவதில்லை. தென்னை நார்த்தூளோ மண்ணோ ஆழமாக நிரப்பிய பெட்டி தோண்டுவதற்கு. ஓயாமல் வளரும் முன்பற்களைத் தேய்ப்பதற்கு மரக்கட்டை. விழுந்தால் தாங்குவதற்கு இடையிடையே தூளிகள் கட்டிய உயரம். முதுகு வளையாமல் ஓடுவதற்கு 30 சென்டிமீட்டருக்குக் குறையாத விட்டமுள்ள சக்கரம். பாதத்தில் புண் உண்டாக்காத, கம்பிவலை அல்லாத தளம். எளிதில் நோயுறும் நுரையீரலுக்காகக் காற்றோட்டமும், தேவதாரு, பைன் மரத்தூள் கலவாத படுக்கையும். புதிய பொருளைக் கண்டு அஞ்சுவதும் புதியதைத் தேடுவதும் எலியிடம் ஒருசேர இருப்பதால், மாற்றங்கள் ஒவ்வொன்றாக, எலி விலகிச் செல்ல ஒரு பழைய மூலை எஞ்சியிருக்கும்படி வரவேண்டும்.

இப்பொருள்கள் இன்பத்துக்காகவா, செயலுக்காகவா என்பதில் மெய்யியலாரிடையே உள்ள பழைய வழக்கு இங்கே ஆய்வுக்கூட வடிவம் பெற்றது. அருகிலேயே உணவு இலவசமாகக் கிடந்தபோதும் எலிகள் நெம்புகோலை அழுத்தியும் உணவு பெற்றன என்பதை அமெரிக்க உளவியலாளர் கிளென் ஜென்சன் 1963இல் காட்டினார். நன்மை என்பது நுகர்ச்சி மட்டுமே என்றால் இது வீண் உழைப்பு. ஓர் உயிர் தன் ஆற்றல்களைச் செயற்படுத்துவதே அதன் நல்வாழ்வு என்ற அரிஸ்டாட்டிலின் கருத்தின்படி பார்த்தாலோ இதில் வியப்பில்லை. அதனால் உணவைக் கிண்ணத்தில் குவிப்பதைக் காட்டிலும் படுக்கைத் தூளுக்குள் தூவிவிடுவது எலிக்குச் செய்யும் பெரிய மரியாதை எனலாம். கனடாவில் ஜொவானா மகோவ்ஸ்காவும் டேனியல் வியரியும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், இயற்கையை ஒத்த அடைப்பில் வாழ்ந்த எலிகள் 13 மாத வயதிலும் நாள்தோறும் வளை தோண்டின. வழக்கமான ஆய்வகக் கூண்டிலிருந்தவையோ நிமிர்ந்து நிற்கவும் உயரமின்றி, உடலைப் பக்கவாட்டில் அடிக்கடி நீட்டிக்கொண்டிருந்தன.

ஆய்வகம் வளமூட்டலைக் கண்டடைந்த கதையில் ஒரு முரண் உண்டு. தம் வீட்டில் பிள்ளைகளோடு சுதந்திரமாகத் திரிந்து வளர்ந்த எலிகள் கூண்டு எலிகளைவிடப் புதிர்ச் சோதனைகளில் தேர்ச்சி காட்டியதை உளவியலாளர் டொனால்ட் ஹெப் 1947இல் அறிவித்தார். பின்னர் 1960களில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் மார்க் ரோசன்ஸ்வைக், மரியன் டயமண்ட் ஆகியோரின் குழு, துணைகளும் விளையாட்டுப் பொருள்களும் நிறைந்த கூண்டில் வாழ்ந்த எலிகளுக்கு மூளைப் புறணி கூடுதல் எடையும் தடிப்பும் பெறுவதைக் காட்டியது. அவ்வளத்தை அளக்க அந்த எலிகளைக் கொன்று மூளையை எடுக்க வேண்டியிருந்தது. சிறந்த கூண்டு என்னும் அறிவு இவ்வாறுதான் கிடைத்தது என்பதை, அதைப் பயன்படுத்தி எலி வளர்க்கும் இல்லங்கள் மறந்துவிடுவது எளிது.

கடன் என்று ஒப்புக்கொண்டால், அதை முழுதும் தீர்க்க எலியை விட்டுவிடலாமே என்ற கேள்வி வரும். தில்லியில் செங்கோட்டைக்கு எதிரேயுள்ள திகம்பர சமணக் கோயிலின் பறவை மருத்துவமனை, குணமான பறவைகளைக் கூண்டு திறந்து பறக்கவிடுகிறது. அது பந்தத்தின் தளர்ந்த முடிச்சுக்கு நல்ல சான்று. ஆய்வக எலிகளை வெளியடைப்பு ஒன்றில் விட்டபோது அவை காட்டு மூதாதையரின் நடத்தையை விரைவில் மீட்டுக்கொண்டதை விலங்கியலாளர் மனுவேல் பெர்தோயின் ஆவணப்படம் காட்டியது. ஆனால் அவ்வடைப்பு பகைவிலங்குகளும் நஞ்சும் நிறைந்த தெருவன்று. கண் மங்கிய வெள்ளை எலியைச் சாக்கடையோரம் விடுவதை விடுதலை என்று அழைக்க முடியாது. எனவே திருப்பித் தரமுடியாத ஒன்றை எடுத்துக்கொண்டவரின் நிலை வளர்ப்பவருடையது. இவ்வாறு நோக்கும்போது, வீட்டு விலங்குகளைப் பெருக்குவதே கூடாது, இருப்பவற்றை இறுதிவரை பேணவேண்டும் என்ற சட்ட அறிஞர் கேரி ஃபிரான்சியோனின் நிலைப்பாடும், ஒவ்வோர் உயிரும் தன் இயல்பான ஆற்றல்களை வாழ்ந்து பார்க்க உரிமையுடையது என்ற மெய்யியலாளர் மார்த்தா நுஸ்பாமின் நிலைப்பாடும் முரண்படத் தேவையில்லை. முன்னது புதிய கடன் வாங்குவதைத் தடுக்கிறது, பின்னது வாங்கிய கடனின் அளவைச் சொல்கிறது.

ஆனால் ஓரிடத்தில் இரண்டும் மோதுகின்றன. கூண்டில் வைக்கப்படும் எல்லாவற்றுள்ளும் எலிக்கு இன்றியமையாதது மற்றோர் எலி. தூளியில் ஒன்றன்மேல் ஒன்று படுத்துறங்குவதற்கும் உரோமம் நீவுவதற்கும் மல்லுக்கட்டி விளையாடுவதற்கும் மனிதக் கை ஈடாவதில்லை. சிக்கிக்கொண்ட கூண்டுத் தோழனை எலிகள் கதவு திறந்து விடுவிப்பதைச் சிகாகோ ஆய்வாளர்கள் 2011இல் காட்டியுள்ளனர். எலியின் ஆயுளோ 2 முதல் 3 ஆண்டுகள். இரண்டில் ஒன்று இறந்தால் மற்றது தனிமைப்படுகிறது. அதன் தனிமையைப் போக்க இளைய எலிகளை வாங்கினால் மீண்டும் ஒன்று எஞ்சும். கருணையே பந்தத்தை முடிவின்றி நீட்டுகிறது. வணிகத்துக்காக ஈன்றவற்றை வாங்காமல் கைவிடப்பட்ட முதிய எலியைத் துணையாக ஏற்பது ஒரு வழி. எஞ்சிய கிழ எலியை, எலிக்கூட்டம் உள்ள வேறொரு வீட்டுக்கு ஒப்படைத்து, எந்தக் கூட்டத்தின் மணமும் படியாத பொது இடத்தில் பல நாள்கள் மெல்லப் பழகவிட்டுச் சேர்ப்பது மற்றொன்று. இரண்டாவது வழியில் எலிக்குத் துணை கிடைக்கிறது. அதை அன்போடு வளர்த்தவரின் வீட்டில்தான் கூண்டு காலியாகிறது.