ஆற்றுவதா, அணைப்பதா?

என் சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸின் சிஓஇ, அதாவது சிங்கப்பூரில் கார் வைத்திருப்பதற்கான உரிமம், முடிய இன்னும் பதினான்கு மாதம். அதற்குள் அதன் இன்டர்கூலரைச் சரிசெய்ய நான் கிளம்பியதும் வீட்டில் வேதாந்தம் தொடங்கிவிட்டது.

“ஸ்க்ராப்புக்குப் போற காருக்கு எதுக்குங்க செலவு? ஆசையக் கொஞ்சம் அடக்குங்க” என்றாள் மனைவி. ஞாயிறுதோறும் கீதை வகுப்புக்குப் போகிறவள்.

கோளாறு இதுதான். டர்போ காற்றை அமுக்கும். அமுங்கிய காற்று நூறு டிகிரியைத் தாண்டியும் சூடேறும். சூடான காற்றில் அதே இடத்துக்குள் பிராணவாயு குறைவு. அந்தச் சூட்டில் எஞ்சின் தட்டவும் தொடங்கும். கம்ப்யூட்டர் உஷாராகிப் பொறியைத் தாமதப்படுத்தும். நடுவில் காற்றைக் குளிரவைக்கத்தான் இன்டர்கூலர். என் காரில் அது எஞ்சினின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கிறது. ஓடும்போது பானட்டின் வாய் வழியே காற்று வரும். கிளமெண்டியில், காமன்வெல்த் அவென்யூ வெஸ்ட் சிக்னலில், எம்ஆர்டி பாலத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றால் அது தோசைக்கல். பச்சை விழுந்து மிதித்தால் மாட்டுவண்டி.

ஆசையை அடக்கு என்றதும் எனக்கு நிர்வாணம் நினைவுக்கு வந்தது. அந்தச் சொல்லுக்கே அணைதல் என்றுதான் பொருள். எஞ்சினை அணைத்தால் சூடும் இல்லை, தட்டலும் இல்லை, பயணமும் இல்லை என்று பௌத்த நண்பர் ஒருவரிடம் கிண்டலடித்தேன். புத்தர் அணைக்கச் சொன்னது பற்று, வெறுப்பு, மயக்கம் என்ற மூன்று தீயைத்தான் என்று அவர் திருத்தினார். வாயை மூடிக்கொண்டேன்.

தமிழில் சோறும் ஆறுகிறது, கோபமும் ஆறுகிறது, புண்ணும் ஆறுகிறது. துக்க வீட்டில் சொல்வது ஆறுதல். ஆறிய சோறு சோறாகவே இருக்கிறது. வாயைச் சுடுவதில்லை, அவ்வளவுதான். இன்டர்கூலரும் காற்றை வெளியேற்றுவதில்லை, அனலைத்தான் வெளியேற்றுகிறது. போகிற போக்கில் அழுத்தமும் கொஞ்சம் குறையும். ஆறுவதற்கும் ஒரு விலை உண்டு என்பதை எந்தக் கீதை வகுப்பிலும் நான் கேட்டதில்லை.

முன்பக்கம் பெரிய இன்டர்கூலர் பொருத்தினால் பம்பரை வெட்டவேண்டும். அதற்கு என்னிடம் பணமில்லை. இருப்பதைக் கழற்றி உள்ளே படிந்த எண்ணெயைக் கழுவினேன். நசுங்கிய தகடுகளை ஊசியால் நிமிர்த்தினேன், இரண்டு மாலைகள். பானட்டின் வாய்க்கும் அதற்கும் நடுவே இருந்த இடைவெளியை ஃபோம் ஒட்டி அடைத்தேன்.

எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் கத்திரி வெயில் நாட்களில் லிங்கத்தின் மேல் தாராபாத்திரம் தொங்கும். சொட்டுச் சொட்டாக நீர் விழுந்துகொண்டே இருக்கும். இன்டர்கூலருக்கும் அதையே செய்தேன்: கண்ணாடி கழுவும் பழைய பம்ப், இரண்டு நாசில், ஒரு சுவிட்ச். இதே காரின் எஸ்டிஐ ரகத்தில் கம்பெனியே இப்படித் தண்ணீர் தெளிக்க வைத்திருந்தது; என் கண்டுபிடிப்பு அல்ல.

போன வாரம் மனைவியைக் காமன்வெல்த் டிரைவ் முனீஸ்வரன் கோயிலுக்கு அதே சிக்னல் வழியாக அழைத்துப் போனேன். பச்சை விழுந்தது, சுவிட்சைத் தட்டி மிதித்தேன். முதுகு சீட்டில் பதிந்ததும் அவள், “ஆசை அடங்கின மாதிரி தெரியலையே” என்றாள். அடங்கவில்லை. ஆறியிருக்கிறது.

மொத்தச் செலவு 62 வெள்ளி. அதில் 20 வெள்ளி அளவு பார்க்காமல் வாங்கிய குழாய்க்கு.