நாய்க்கு நடுகல்

வளர்த்த நாய் இறந்தால் மனிதன் அழுவது தகுமா? அழுபவரைக் கண்டு, "ஒரு நாய்க்காகவா இவ்வளவு துக்கம்!" என்று நகைப்போர் பலர். ஜீவனஹள்ளி போன்று வீடுகள் நெருங்கிய இடங்களில், பல வருஷம் வாசலைக் காத்த ஜீவன் மடிந்த அன்றே, "வேறு குட்டி வாங்கித் தருகிறோம்" என்று குழந்தையின் அழுகையை அடக்குவாரும் உண்டு. இவை சரிதானா என்று நாம் சிந்திக்க வேண்டும்.

நம் முன்னோர் அவ்வாறு நகைக்கவில்லை. திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில், முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. கி.பி. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்லில், பூசலில் மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு, கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற "கோவிவன்" என்னும் நாயின் பெயரும் உருவமும் பொறிக்கப்பட்டுள்ளன.

கன்னட நாட்டிலும் இத்தகைய சான்று உண்டு. மாண்டியா மாவட்டத்து ஆதகூரிலிருந்து பெங்களூர் அரசாங்கப் பொருட்காட்சிசாலைக்குக் கொண்டுவரப்பட்ட கல் அது. காலம் சுமார் கி.பி. 950. சோழரை வென்ற தக்கோலப் போருக்குப் பின், மணலேரன் என்னும் வீரனை நோக்கி, வேண்டியதைக் கேள் என்றான் கங்க மன்னன் பூதுகன். அவன் கேட்டது "காளி" என்னும் வேட்டைநாயை. பின்பு அந்நாய் பெரியதொரு காட்டுப்பன்றியோடு பொருதது, இரண்டும் மடிந்தன. மணலேரன் அதன் நினைவாகக் கல் நாட்டி, நிலமும் மானியமாக விட்டான்.

ஆயினும் அக்கல்லை நாம் இன்னொரு முறை நோக்க வேண்டும். அதில் பன்றியும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்நாய்க்குப் பன்றியின்மீது யாதொரு பகையும் இல்லை; ஏவியவர் மனிதர். ஓர் உயிருக்காகக் கண்ணீர் வடித்த உள்ளம், அதே இடத்தில் மடிந்த மற்றோர் உயிருக்காக வருந்தியதாகக் கல்வெட்டில் இல்லை. "என்னுடையது" என்ற எல்லையோடு நிற்கும் அன்பைப் பற்று என்கிறோம். அவ்வெல்லையைக் கடந்தால் அதுவே மைத்திரி.

குழந்தையை இழந்த கிசாகோதமியை, சாவறியாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வரும்படி பகவான் புத்தர் அனுப்பினார். அவர் அவளது துக்கத்தை இகழவில்லை. அதை ஊராருடைய துக்கத்தோடு சேர்த்து வைத்தார். வீடுதோறும் சென்றபோது அவள் அநித்தியத்தை உணர்ந்தாள்.

ஆகையால் நாய்க்காக அழுவது குற்றமன்று. பிறப்பை வைத்து மனிதரில் உயர்வு தாழ்வு கற்பித்தல் தவறென்று கூறும் நாம், பிறப்பை வைத்துக் கண்ணீரையும் அளந்து கொடுக்கலாகாது. குழந்தை அழட்டும்; இறந்த நாயின் பெயரை வீட்டார் சொல்லட்டும். ஒன்றின் இடத்தை மற்றொன்றால் உடனே நிரப்புவது, உயிரைப் பண்டமாக எண்ணக் கற்பிப்பதாகும்.

ஆனால் துக்கம் அவ்வளவில் முடிந்துவிடலாகாது. இறந்த நாய்க்குச் சோறிட்ட தட்டு வீட்டில் இருக்கும். அதில் நீர் நிரப்பி, யாருமற்ற தெருநாய்க்கு வைக்கலாம். அதற்கு வெறிநோய்த் தடுப்பூசி போட ஏற்பாடு செய்தால், நாய்க்கும் அண்டை வீட்டுக் குழந்தைகளுக்கும் ஒருங்கே நன்மை உண்டாம். கல் நாட்ட எல்லோராலும் இயலாது. இதைச் செய்ய எவராலும் இயலும். நேசித்த உயிருக்கு நாம் செலுத்தத்தக்க நன்றி இதுவே.